தலை வேறு, முடி வேறு
(சுருள்முடியினரின் தலையரிப்பு குறித்து ஒரு விளக்கம்)

கூந்தலைப் பாடாத புலவர் நம் மொழியில் அரியர். ஓதி, கதுப்பு, குழல், கூழை, குஞ்சி, ஐம்பால் என அதற்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்தாலே ஒரு சிறு நிகண்டு உருவாகிவிடும். ஐம்பால் என்பதற்கு முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகை ஒப்பனை கூறுவர். அவற்றுள் சுருளுக்கும் ஓர் இடம் உண்டு. ஆற்று நீர் வடிந்த பின் கருமணலில் வரிவரியாகப் படியும் நெளிவை ‘அறல்’ என்றழைத்து, நெளிந்த கூந்தலுக்கு அதனையே உவமையாக்கினர் சங்கச் சான்றோர். ஆயினும் அந்த அறல் மணலுக்கு அடியில் என்ன நிகழ்கிறது என்பதை எவரும் பாடவில்லை. பாடுபொருளாகத் தகாதது என்று விட்டனர் போலும்! நம் இல்லத்தில் ஒரு பெண்பிள்ளையின் உறக்கத்தை ஈராண்டுக் காலம் கெடுத்தது அதுவே. தமிழ்த்துறை மலரில் தலையரிப்புக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்களுக்கு இதுவே நம் மறுமொழி.

2022-ஆம் ஆண்டு நம் மகள் இளங்கலை முதலாண்டில் சேர்ந்த புதிது. இயல்பிலேயே அடர்ந்த சுருள்முடி அவளுக்கு. சில திங்களில் தலையில் ஓயாத நமைச்சல் தொடங்கியது. கருநிற மேலாடையின் தோள்களில் வெண்பொடி உதிர்ந்து கிடக்கும். முன்வரிசையில் அமர்ந்து வந்தவள் கடைசி வரிசைக்குப் போனாள். பின்னே எவரும் அமராத இடம் அது ஒன்றுதான் என்பது காரணம். இதனை அவள் நம்மிடம் சொல்லவில்லை. அவளுடைய தோழி சொல்லித்தான் அறிந்தோம். நம் தாயார் உடனே தீர்ப்பு வழங்கினார்: “எண்ணெய் வற்றினால் தலை அரிக்காமல் என்ன செய்யும், அத்தா? சுருட்டை முடி எண்ணெயைக் குடிக்கும். நிறைய வையுங்கள்.” மூன்று திங்கள் காலையும் மாலையும் நல்லெண்ணெய் தேய்த்தோம். அரிப்பு கூடிற்று, காதின் பின்புறம் சிவந்து, மஞ்சள் நிறப் பிசுபிசுத்த செதில் கட்டியது, இரவில் உறக்கத்திலேயே சொறிந்து தலையணை உறையில் குருதிப் பொட்டு கண்டோம். 2023-இன் தொடக்கத்தில் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவ அம்மையார் தலையை வகிர்ந்து பார்த்துவிட்டு ஒரே வினாவை எழுப்பினார்: “எண்ணெய் எங்கே வைக்கிறீர்கள், முடியிலா, தோலிலா?”

அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. இரண்டும் வேறென்று நாம் நினைத்ததே இல்லை!

வீடு திரும்பும் வழியில்தான் அக்குழப்பம் நம் மொழியிலேயே உறைந்து கிடப்பது புலப்பட்டது. ‘தலை நரைத்தது’ என்கிறோம், நரைப்பது முடி. ‘தலை வாரினாள்’, ‘தலை பின்னினாள்’ என்கிறோம். வாரப்படுவதும் பின்னப்படுவதும் முடியே. ‘தலைக்கு எண்ணெய் வைத்தல்’, ‘தலைக்கு நீர் வார்த்தல்’ என்பன தோலைக் குறித்தனவா, முடியைக் குறித்தனவா என்பது சொல்பவர்க்கும் தெரியாது. இஃது இடவாகுபெயரா, முதலாகுபெயரா எனும் ஆராய்ச்சியைத் தேர்வுத்தாளுக்கு விட்டுவிடுவோம். தலைத்தோல் உயிருள்ளது; நரம்பும் குருதியும் ஓடுவது; எண்ணெய் சுரப்பது; அரிப்பை உணர்வது. வெளியே தெரியும் முடியோ உயிரற்ற கெரட்டின் எனும் புரத இழை. அதனை வெட்டினாலும் வலிப்பதில்லை என்பதே சான்று. இவ்விரண்டுக்கும் தேவைகள் வேறு வேறு. நேர்முடி உடையார்க்கு இவ்வேறுபாடு அவ்வளவாக இடர் தருவதில்லை. சுருள்முடி உடையார்க்கோ, தோலுக்கு நன்மை செய்வது முடிக்குத் தீங்காகவும், முடிக்கு நன்மை செய்வது தோலுக்குத் தீங்காகவும் முடிகின்றது.

காரணம் யாதெனில், சுருள்முடி வளரும் வேர்க்குழி நேராக இராது. கொக்கி போல் வளைந்திருக்கும். அதிலிருந்து முளைக்கும் இழையின் குறுக்குவெட்டும் வட்டமாக இன்றித் தட்டையான நீள்வட்டமாக அமையும். வேர்க்குழியின் பக்கத்திலேயே நெய்ச்சுரப்பி உள்ளது. நேர்முடியில் அந்நெய் வழுக்குச் சரிவில் இறங்குவது போல் நுனிவரை எளிதில் பரவும். சுருள்முடியில் ஒவ்வொரு நெளிவும் அதற்கு ஒரு தடை. ஆகவே நெய் அடியிலேயே தங்குகிறது. நுனியோ வறண்டு நொறுங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு நுனியின் வறட்சிதான் படும். ‘எண்ணெய் வற்றிய தலை’ என்ற நம் தாயாரின் கணிப்பு முடியைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. தோலைப் பொறுத்தவரை நேர் எதிர்.

அடியில் தேங்கிய அந்நெய்யை உண்டு வாழ ஓர் உயிரி காத்திருக்கிறது. லூயி சார்ல் மலசே எனும் பிரெஞ்சு அறிஞர் 1874-இல் பொடுகுச் செதில்களில் கண்டு எழுதிய ஒருசெல் பூஞ்சை அது. 1889-இல் அவர் பெயராலேயே மலசீசியா என அதற்குப் பெயரிடப்பட்டது. இஃது ஏதோ அழுக்கினால் வந்து ஒட்டுவதன்று. வளர்ந்த மனிதர் ஏறக்குறைய அனைவர் தலையிலும் குடியிருப்பது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இதற்கு இல்லை; நம் தோலின் நெய்யைச் சிதைத்தே பிழைக்கிறது. அவ்வாறு சிதைக்கையில் தனக்கு வேண்டாத ஒலீயிக் அமிலத்தைத் தோலின் மேலேயே விட்டுவிடுகிறது. சிலர் தோல் இதனைப் பொறுத்துக்கொள்ளும். சிலர் தோல் பொறாது அழலும். அழன்ற தோல் விரைந்து விரைந்து தன்னைப் புதுப்பிக்க முயலும். ஏறத்தாழ நான்கு வாரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் உதிரவேண்டிய தோலணுக்கள், முதிராமலே கொத்துக் கொத்தாய் உதிர்கின்றன. அதுவே பொடுகு. அழற்சி மிகுந்து சிவந்து, பிசுபிசுத்த மஞ்சள் செதிலாகப் படிந்தால் அதனை நெய்ச்சுரப்புத் தோலழற்சி என்பர். பூப்புப் பருவத்தில் நெய்ச்சுரப்பிகள் வளர்வதால் பெரும்பாலும் அவ்வகவையில்தான் இது தலைகாட்டும். தேர்வுக் காலத்து மனச்சுமையும் உறக்கக்குறைவும் இதனை மிகுவிக்கும். மாணவச் செல்வங்கள் இதனை நன்கறிவர்.

இனி நல்லெண்ணெய்க்கு வருவோம். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒலீயிக் அமிலம். ஆலிவ் எண்ணெயில் இன்னும் மிகுதி. ஆய்வுக்கூடத்தில் இப்பூஞ்சையை வளர்ப்போர் அதற்கு உணவாக ஆலிவ் எண்ணெயைச் சேர்ப்பது வழக்கம். ஆக, மூன்று திங்கள் நாம் அதற்கு இருவேளை விருந்து படைத்திருக்கிறோம்! இதனால் எண்ணெயே நஞ்சென்று கொள்ளலாகாது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு உள்ள லாரிக் அமிலம் நுண்ணிய நேர்ச்சங்கிலி உடையதாகலின் முடி இழைக்குள்ளேயே ஊடுருவும். கழுவும்போதும் வாரும்போதும் முடியின் புரதம் இழக்கப்படுவதை இது குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்று கூறுகிறது. அவ்வாய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. எனினும் வறண்ட நுனிக்கு அது நல்லது என்பதில் ஐயமில்லை. அழன்ற தோலில் அதனை ஊறவைத்து மூடுவதுதான் கூடாது.

கழுவும் முறை

மருத்துவர் எழுதித் தந்தது கீட்டோகோனசோல் 2 விழுக்காடு கலந்த ஷாம்பு. வாரம் இருமுறை, நான்கு வாரம். பின்னர் மீளாதிருக்க வாரம் ஒருமுறையோ, இருவாரத்துக்கு ஒருமுறையோ. துத்தநாக பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு முதலிய வேறு மருந்துகளும் உள. மருந்தைவிட நாம் தவறியது அதனை இடும் முறையில்தான். முதல் இருமுறை நம் மகள் உச்சியில் ஊற்றி, நுரை பொங்கத் தேய்த்து, உடனே கழுவிவிட்டாள். சுருளின் மேல்தான் நுரை நின்றது. தோலை அது எட்டவே இல்லை. முடியை நீரில் நன்கு நனைத்து, விரலால் நான்கைந்து வகிடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் மருந்தைத் தோலில் இட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, பின்னரே கழுவவேண்டும். அந்த ஐந்து நிமிடந்தான் மருத்துவம். ‘மயிர்க்கால் நனையக் குளித்தல்’ என்று நம் இல்லங்களில் சிறுவயது முதலே கேட்டுப் பழகிய சொற்றொடரின் பொருள் அப்போதுதான் நமக்கு முழுதாய் விளங்கிற்று.

மருந்து ஷாம்பு முடியை வறளச்செய்யும். ஆதலின் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், இறுகிய சுருள்முடி உடைய ஆப்பிரிக்க வழியினர்க்கு இதனை வாரம் ஒருமுறைக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. நம் மகளும் நான்கு வாரத்துக்குப் பின் அவ்வளவிலேயே நிறுத்திக்கொண்டாள். கழுவிய பின் கண்டிஷனரைக் காதுக்குக் கீழுள்ள முடியில் மட்டும் தடவி, ஈரமாக இருக்கையிலேயே அகன்ற பல் சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தல் வேண்டும். சுருள்முடியை உலர்ந்தபின் வாரினால் அறுபடும்.

ஷாம்பு என்றதும் இது மேனாட்டார் சரக்கு என்று முகம் சுளிக்கும் பெரியோர்க்கு ஒரு செய்தி. அச்சொல்லே ‘அழுத்து, பிசை’ எனும் பொருளுடைய ‘சாம்ப்போ’ என்னும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. 1759-இல் பாட்னாவில் பிறந்து, கும்பினிப் படையில் பணிபுரிந்து, 1784-இல் அயர்லாந்து சென்ற தீன் முகமது என்பார், பின்னாளில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் கூடம் நிறுவி, மூலிகை ஆவியும் பிசைதலும் கொண்டு மருத்துவம் செய்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்க்கும் ‘ஷாம்பு மருத்துவர்’ என நியமனம் பெற்றார்; 1822-இல் அம்மருத்துவம் குறித்து ஒரு நூலும் எழுதினார். அன்று அச்சொல்லுக்குத் தலை கழுவுதல் என்ற பொருள் இல்லை. பிற்பாடே உடலிலிருந்து தலைக்கு ஏறிக்கொண்டது. சொற்களும் இடம் பெயர்கின்றன.

சீயக்காயைக் கைவிட வேண்டுமா என வினவுவர். அதிலுள்ள சப்போனின் நெய்யைக் களைய வல்லது. சோப்பைப் போல் காரம் மிக்கதன்று. ஆயினும் அரைபட்ட பொடியின் கரகரப்பு புண்பட்ட தோலைக் கீறும். சுருளுக்குள் சிக்கிய துகள் எளிதில் போகாது. வடிகட்டிய சாறாகப் பயன்படுத்தினால் நன்று. சோப்புக் கட்டியோ அறவே ஆகாது. நலமான தலைத்தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சோப்பு காரத்தன்மை உடையது. அன்றியும், நம் ஊர்களின் ஆழ்குழாய்க் கடினநீரில் சோப்புக் கரையாமல் திரிந்து, வெண்படலமாக முடியில் படியும். அதனைப் பொடுகென்று எண்ணி மறுபடியும் சோப்புப் போடுவாரும் உளர். பொடுதலைத் தைலம் சித்த மருத்துவத்தில் பொடுகுக்கென வழங்குவது. பதிவுபெற்ற சித்த மருத்துவர் பார்த்துத் தந்தால் கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றைச் சொறிந்த தலையில் தேய்ப்பதை மட்டும் எவரும் செய்யற்க. நம் வீட்டில் அதுவும் ஒருநாள் நடந்தது. அன்று அவள் அழுத அழுகை இன்றும் காதில் இருக்கிறது.

முக்காடு இடும் மகளிர்க்கு ஒரு சொல். குளித்த ஈரத்தோடு முடியை இறுக முடிந்து, மேலே துணியால் மூடிக் கல்லூரிக்கு விரைவது அன்றாடக் காட்சி. சுருள்முடி உலர நெடுநேரம் பிடிக்கும். ஈரமும் வெம்மையும் சேர்ந்த இடம் பூஞ்சைக்கு உகந்தது. முதல்நாள் மாலையே கழுவி, இரவுக்குள் உலரவிடுதல் நன்று. உள்ளே அணியும் தொப்பித்துணி பருத்தியாக இருக்கட்டும், நாள்தோறும் துவைக்கப்படட்டும். கொண்டையை இழுத்து இறுக்கினால் நெற்றியோர முடி நாளடைவில் உதிர்ந்து, திரும்ப முளையாமலும் போகக்கூடும். தலைக்கவசம் அணிந்து வண்டியோட்டும் இளைஞர்க்கும் இவை பொருந்தும்.

அரிப்பனைத்தும் பொடுகன்று

இங்கே நிதானம் தேவை. பேன் எனில் அரிப்பு பெரும்பாலும் பிடரியிலும் காதின் பின்னும் மிகும். பொடுகுச் செதில் ஊதினால் பறக்கும். ஈரோ முடியோடு ஒட்டி, இழுத்தாலும் எளிதில் வழுவாது. பேன் மருந்திட்டால் ஏழு முதல் பத்து நாளில் மறுமுறையும் இடவேண்டும். முதன்முறை தப்பிய ஈர் அதற்குள் பொரித்துவிடும். மண்ணெண்ணெய் தேய்க்கும் வழக்கம் தோலைப் பொசுக்குவதோடு அடுப்படியில் உயிருக்கே உலை வைக்கும். சிறுவர் தலையில் வட்டமாக முடி ஒடிந்து, செதிலோடு வழுக்கை விழுந்தால் அது படர்தாமரை. மேற்பூச்சால் தீராது, மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும். இவையிரண்டும் தொற்றுவன. சீப்பையும், பலர் மாற்றி மாற்றி அணியும் பொதுத் தொப்பியையும் தவிர்க்கச் சொல்வது இதனாற்றான். பொடுகு அவ்வாறு தொற்றுவதில்லை. தடித்த வெள்ளிநிறச் செதில் முடியோரம் தாண்டி நெற்றியிலும், முழங்கையிலும் தோன்றினால் அது சொரியாசிஸ் ஆகலாம்.

மூத்தோர் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. தாடிக்கும் தலைக்கும் கருஞ்சாயம் இடுவோர்க்கு ஓரிரு நாளில் கடும் அரிப்பும் வீக்கமும் நீர்க்கோவையும் கண்டால், அது பெரும்பாலும் பாரா-ஃபீனைலீன்டையமின் எனும் சாயப்பொருளின் ஒவ்வாமை. பல ஆண்டு ஒன்றும் செய்யாதிருந்தது ஒருநாள் திடீரெனப் பகையாகும். பகையான பின் வாழ்நாள் முழுதும் விடாது. தூய மருதாணி செம்மைதான் தரும். கருப்பாகப் பிடிக்கும் ‘கருமருதாணி’யில் இப்பொருள் கலந்திருப்பது பலவிடத்தும் கண்டறியப்பட்டுள்ளது. இயற்கைப் பொருள் என்று நம்பி மணப்பெண்ணின் கையில் இட்டுக் கொப்புளம் கண்டோர் உண்டு. புதிய சாயம் எதுவாயினும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி, இரு நாள் பொறுத்துப் பார்த்துப் பின் இடுக. முன்னரே ஒருமுறை வீங்கியவர் அச்சோதனையும் செய்தல் வேண்டா, சாயத்தையே விட்டொழிக்க.

சீழ் வைத்தாலும், பிடரியில் நெறி கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும், நான்கு வாரம் முறையாகக் கழுவியும் குறையாவிடினும் மருத்துவரிடமே செல்க. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுக் களிம்பு முதல்நாள் அமுதமாக இருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், படர்தாமரையாயின் உருமாறிப் பரவும்.

நம் மகளுக்கு ஆறு வாரத்தில் நன்கு தணிந்தது. முன்வரிசைக்குத் திரும்பினாள். ஆனால் இது முற்றிலும் ஒழியும் நோயன்று. தேர்வு வந்தால் தானும் வரும். 2024-இல் ஒரு நல்ல குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினர். அப்போது தலை சிறிது அழன்றிருந்தது. நம் தங்கை, ‘பரட்டைத் தலையோடு எப்படி மாமியார் முன் நிறுத்துவது’ என்று கவன்று, இரு நாள் முன்னர் அவளை ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்று முடியை நேராக்கச் செய்தார். நாம் தடுக்கவில்லை. ‘பெண்கள் சமாசாரம்’ என்று வாளாவிருந்துவிட்டோம். முடியின் உள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை வன்மையான வேதிப்பொருளால் குலைத்து, சூடேற்றி நேராக்குவது அம்முறை. நலமான தோலே அதற்கு எரியும்; அழன்ற தோலின் நிலை சொல்லவேண்டா. இரு காதுக்குப் பின்னும் கொப்புளித்தது. வந்தவர்கள் முன் அவள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து அமர்ந்திருந்தாள். பெண்ணுக்குத் தலையில் ஏதோ நோயாமே என்ற சொல் மறுநாளே தெருவில் வந்துவிட்டது, சம்பந்தம் நின்றது.

மூன்று திங்களில் வேரடியிலிருந்து புதுமுடி ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தது. சுருளாகவே வளர்ந்தது. வேர்க்குழி வளைந்திருக்கும்வரை அதிலிருந்து முளைப்பது சுருளன்றி வேறாகாது. நேராக்கிய பாதியும் சுருண்ட பாதியுமாகச் சில காலம் திரிந்தவள், ஒருநாள் தானே கத்தரியை எடுத்து நேரான பகுதியை வெட்டியெறிந்துவிட்டு வந்தாள். வீடே திகைத்தது. நாம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் உரிமையை முன்னரே இழந்திருந்தோம்.

இப்போது வியாழன் மாலைதோறும் அவளே வகிடு பிரித்து, கடிகாரம் பார்த்துக் கழுவிக்கொள்கிறாள். மறுநாள் நம் தாயார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு முற்றத்தில் அமர்ந்து, “தலைக்கு எண்ணெய் வைத்துவிடட்டுமா?” என்பார். “தலைக்கு வேண்டாம் நன்னி, முடிக்கு மட்டும்” என்று நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் பாடம் படிக்கத் தொடங்குவாள்.